வாசலில் நின்ற ஆண்டு

எஸ். ஆர். நாதன் சிங்கப்பூரின் ஆறாவது அதிபராகப் பதவியேற்றது 1999 செப்டம்பர் 1ஆம் தேதி. அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. தேசிய சேவையில் ராணுவப் போலீஸ் பிரிவில் இருந்தேன். ஆர்ச்சர்ட் ரோட்டைப் பார்த்த அதிபர் மாளிகை இஸ்தானாவின் வாசலில், வெள்ளைச் சட்டையும் துப்பாக்கியுமாகச் சிலை போல நிற்பார்களே, அந்தக் காவலர்களில் நானும் ஒருவன். அவருடைய பன்னிரண்டு ஆண்டுப் பதவிக்காலத்தில் முதல் ஆண்டை நான் பார்த்தது அங்கிருந்துதான்.

வாசலில் நிற்பவனுக்கு மாளிகைக்குள் நடப்பது தெரியாது. உள்ளே போகும் வண்டிகளும் திரும்பி வரும் முகங்களும்தான் தெரியும். அந்த முகங்களை ஓராண்டு பார்த்ததில், சடங்கு என்று நாம் ஒதுக்கிப் பேசும் வேலையின் மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டாகிவிட்டது. இன்று வரை அது குறையவில்லை.

எங்கள் வீடு பூன் லேயில். அப்போது மேற்கே ரயில் அங்கேயே முடிந்துவிடும். பயனியர், ஜூ கூன் நிலையங்கள் வந்தது 2009இல்தான். சியூ பூன் லே என்ற பெரிய வணிகர் தோட்டம் வைத்திருந்த பகுதி என்பதால் வந்த பெயர். ஜூரோங்கில் ஆலைகள் பெருகியபோது, அங்கே வேலை செய்பவர்களுக்காக அடுக்குமாடிகள் எழும்பி ஊர் ஆனது. அப்பா கப்பல் பட்டறையில் வெல்டர். எங்கள் மாடியில் யாரைக் கேட்டாலும் பட்டறை, ஆலை, கிடங்கு என்றுதான் பதில் வரும். இஸ்தானா எங்களுக்கெல்லாம் ஐந்தாம் வகுப்புப் பாடப் புத்தகத்தில் பார்த்த படம், அவ்வளவே. எனக்கு அங்கே காவல் வேலை என்று தெரிந்ததும் அம்மா முதலில் கேட்டது, "அங்க உக்கார இடம் உண்டாப்பா?"

அந்த ஆகஸ்டில் பூன் லே பிளேஸ் கோப்பிக்கடையில் பேச்சு சூடாகவே இருந்தது. 18ஆம் தேதி வேட்புமனு நாள். தகுதிச் சான்றிதழ் கிடைத்தவர் ஒருவர்தான் என்பதால் போட்டியே இல்லை. நம்மவர் ஒருவர் அதிபர் ஆகிறார் என்பதில் எங்கள் மேசைக்குச் சந்தோஷம். ஆனாலும் அப்பா முகம் தெளியவில்லை. "எனக்கு இவருக்கு ஓட்டுப் போடணும்னு இருந்துச்சு. போட விடலையே" என்றார். அப்பாவின் வருத்தம் நியாயமானது என்று அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன். வாக்குச்சீட்டில் குறியிட்டு ஒருவரைத் தலைவராக்குவதும், செய்தித்தாளில் படித்துத் தெரிந்துகொள்வதும் ஒன்றில்லை.

அந்த மேசையில் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மாமா ஒருவர் இருந்தார். அவருக்கு நாதனை அதிபர் வேட்பாளராகத் தெரியாது. மாலுமிகளின் நல அதிகாரியாகத் தெரியும். 1956இல் அந்த வேலைக்கு வந்தவர் நாதன். கப்பலில் வேலை கிடைக்கவேண்டுமென்றால் தரகனுக்குக் கப்பம் கட்டவேண்டியிருந்த காலம் அது. "வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு வருவாரு. நாங்க சொல்றத எழுதிக்குவாரு. எழுதினத மறக்கமாட்டாரு" என்பார் மாமா. பிறகு தொழிற்சங்க ஆய்வுப் பிரிவு, வெளியுறவு, தற்காப்பு அமைச்சு என்று நாதன் எங்கெங்கோ போய்விட்டார். 1974இல் புலாவ் புக்கோம் எண்ணெய் ஆலையைத் தாக்கியவர்கள் லாஜு என்ற படகைக் கடத்திப் பிணையாட்களைப் பிடித்துவைத்தபோது, அந்த ஆயுததாரிகளோடு குவைத்துக்கு விமானத்தில் சென்ற அதிகாரிகள் குழுவுக்கு அவர்தான் தலைவர். திரும்பி வருவோமா என்று தெரியாமல் ஏறிய விமானம். மலேசியாவிலும் அமெரிக்காவிலும் தூதராக இருந்தது அதற்கெல்லாம் பிறகு. மாமாவுக்கு இவை எல்லாம் செய்தித்தாள் சங்கதிகள். எழுதிக்கொண்டதை மறக்காத மனிதர் என்பதுதான் அவர் நேரில் கண்டது.

வாசலில் நிற்கிறவனுக்கு நேரம் நிறைய. நான் காத்து நின்ற அந்த வீட்டின் கதையைப் பிறகு தேடித் தேடிப் படித்தேன். படித்தபின் அங்கே நின்றிருந்தால் என் முதுகு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்திருக்கும்.

பிரின்செப் என்பவரின் ஜாதிக்காய்த் தோட்டமாக இருந்த நிலம் அது. கவர்னர் ஹாரி ஆர்டு 1867இல் அங்கே தமக்கு மாளிகை கட்டத் தொடங்கினார், 1869இல் முடிந்தது. வரைந்தவர் மெக்நேர் என்ற காலனிப் பொறியாளர். கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து நாடுகடத்திக் கொண்டுவரப்பட்ட கைதிகள். 1825 முதலே வங்காளத்திலிருந்தும் சென்னை ராஜதானியிலிருந்தும் வந்த கைதிகள் சிங்கப்பூரில் காடு வெட்டினார்கள், சாலை போட்டார்கள், செங்கல் சுட்டார்கள். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமும் அவர்கள் கைவேலைதான். பின்னால் மெக்நேர் அந்தக் கைதிகளைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். இஸ்தானா வாசலுக்கு எதிரே இறங்கினால் தோபி காட். இந்திய வண்ணார்கள் அங்கிருந்த ஓடையில் துணி வெளுத்த இடம். மேட்டில் மாளிகை கட்டியவனும் நம்மவன், கீழே அந்த மாளிகைக்காரர்களின் துணியை வெளுத்தவனும் நம்மவன். கட்டியவன் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை. நான் நின்ற ஆண்டில், அந்த வீட்டின் பெரிய அறையில் உட்கார்ந்து வெளிநாட்டுத் தூதர்களின் நியமனக் கடிதங்களை வாங்கியவர் ஒரு தமிழர். சிறு வயதை மூவாரில் கழித்தவர். தோட்டங்களுக்கு வழக்குப் பார்த்த வக்கீல் நிறுவனத்தில் குமாஸ்தாவாக இருந்து, கடனில் மூழ்கி மாண்டுபோன தந்தையின் மகன். பதினாறு வயதில் வீட்டைவிட்டு ஓடியவர். இந்த வரலாறு எனக்கு வெறும் தகவல் இல்லை.

அந்த மாளிகையில் இருந்த பதவியின் கதையும் அதே போலத் திரும்பித் திரும்பி வந்ததுதான். தொண்ணூறு ஆண்டுகள் அங்கே பிரிட்டிஷ் மன்னரின் ஆளாக கவர்னர்கள் இருந்தார்கள். 1959இல் தன்னாட்சி கிடைத்தபோது கவர்னர் பதவி போய் யாங் டி-பெர்த்துவான் நெகாரா என்ற பதவி வந்தது. அரசியாரின் பிரதிநிதிதான்; ஆனால் இந்த மண்ணின் மனிதர் வகிக்கவேண்டிய பதவி. கடைசி கவர்னர் வில்லியம் குட் ஆறு மாதம் அதை வகித்துவிட்டு இறங்க, 1959 டிசம்பர் 3ஆம் தேதி யூசோஃப் இஷாக் பொறுப்பேற்றார். உத்துசான் மலாயு பத்திரிகையைத் தொடங்கியவர் அவர். நகர மண்டபத்தில் அன்றுதான் கொடி, சின்னம், தேசிய கீதம் மூன்றும் மக்கள்முன் வந்தன. 1963இல் சிங்கப்பூர் மலேசியாவின் ஒரு மாநிலமானபோதும் அவரே மாநிலத் தலைவர். 1965இல் தனி நாடானபோது அவரே முதல் அதிபர். நாற்காலி அதேதான், நாட்டின் தகுதி மூன்று முறை மாறியது. மாளிகையின் பெரிய கட்டடத்தில் குடியேறாமல், வளாகத்துக்குள் ஸ்ரீ மெலாத்தி என்ற சிறிய பங்களாவில் வாழ்ந்தார் அவர். நாதனும் அப்படித்தான், சிலோன் ரோட்டிலிருந்த சொந்த வீட்டைவிட்டு அவர் வரவேயில்லை. வேலைக்குப் போகிறவர் போலக் காலையில் வந்து, வேலை முடிந்து வீட்டுக்குத் திரும்புவார்.

நிற்பது எப்படி என்று சொல்கிறேன். எங்களுக்கு ஆணைகள் எல்லாம் மலாயில். "செடியா" என்றால் விறைப்பு. "செனாங் டிரி" என்றால் கொஞ்சம் தளரலாம். "ஹொர்மாட் சென்ஜாத்தா" என்றால் துப்பாக்கியை முகத்துக்கு நேரே தூக்கி மரியாதை. சீனன், மலாய்க்காரன், தமிழன் மூவரும் ஒரே மலாய்ச் சொல்லுக்கு ஒரே நொடியில் அசையவேண்டும். வெள்ளைச் சட்டை தடித்த துணி. கழுத்துப் பட்டியைப் பூட்டினால் வேர்வை முதுகுத்தண்டு வழியே ஓடுவது தெரியும். பூட்ஸுக்குள் விரல்களை மடக்கி மடக்கி விரிக்கவேண்டும். முழங்காலை வெளியே தெரியாதபடி இம்மியளவு தளர்த்தவேண்டும். இல்லாவிட்டால் ரத்தம் காலிலேயே தங்கி, மயங்கி விழவேண்டியதுதான். எங்கள் சார்ஜண்ட் சீனர். நிற்பதில் அவருக்கு ஒரு பக்தி உண்டு. சுற்றுலாப் பயணி பக்கத்தில் வந்து நின்று படம் எடுத்துக்கொண்டால் அவனுக்கு அது வாழ்நாளில் ஒரே படம். உனக்கு அன்றைய நூறாவது படமாக இருக்கலாம். உன் முகத்தில் அந்த நூறு தெரியக்கூடாது என்பார். அதிபரின் வேலையை நான் புரிந்துகொண்டது பிறகு இதை வைத்துத்தான்.

அதிபர் என்ன வேலை பார்க்கிறார் என்று பலரும் கேட்பார்கள். சட்டப் புத்தகத்தில் பதில் உண்டு. 1991இல் அரசியல் சட்டத்தைத் திருத்தி, மக்கள் தேர்ந்தெடுக்கும் அதிபருக்கு நாட்டின் சேமிப்புக்கான இரண்டாவது சாவியையும், முக்கியப் பொதுத்துறைப் பதவிகளின் நியமனத்தில் மறுக்கும் உரிமையையும் கொடுத்தார்கள். அவை பெரிய பொறுப்புகள்தான். அவருடைய நாட்காட்டியை நிரப்புவது மட்டும் வேறு. வாசலில் நின்று நான் பார்த்தது அந்த வேறுதான்.

கொடி கட்டிய கார்கள் வரும். புதுத் தூதர்கள், கோட்டும் சூட்டும், சில வேளை அவரவர் நாட்டு அங்கியும். பேருந்துகள் வரும், அதிபர் விருது வாங்கவரும் ஆசிரியர்கள், சேலையிலும் பாஜு குரோங்கிலும், சன்னலோரம் உட்கார்ந்து முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்துப் பொட்டைச் சரிசெய்வார்கள். அதிபர் கல்விமான் விருதுக்குப் பிள்ளைகளும் பெற்றோரும் வருவார்கள்; மகனைவிடத் தந்தை விறைப்பாக உட்கார்ந்திருப்பார். நீதிபதிகள் வருவார்கள், முதியோர் இல்லத்துப் பாட்டிகள் வருவார்கள், பதக்கம் வென்ற விளையாட்டாளர்கள் வருவார்கள். போகும்போது எல்லார் முகத்திலும் ஒரே பதற்றம். திரும்பும்போது அது இருக்காது. பாட்டிகள் மட்டும் கையசைப்பார்கள். நாங்கள் பதிலுக்குக் கையசைக்க முடியாது என்பது அவர்களுக்குத் தெரிந்தாலும் அசைப்பார்கள்.

இத்தனை பேருக்கும் உள்ளே ஒருவர் எழுந்து நின்று கை கொடுத்துக்கொண்டிருந்தார். அவருக்கு வயது எழுபத்தைந்து. ஒரு காலை வேளைக்கே நின்று களைத்து, படுக்கையில் குப்புற விழுந்த இருபதுக்குக் குறைந்த பையன்கள் நாங்கள். வீட்டில் இருந்திருந்தால் பேரப்பிள்ளைகளோடு சாய்ந்திருக்கவேண்டிய வயதில், அவர் பின்னேரம் இன்னொரு நிகழ்ச்சிக்கு, இரவு இன்னொரு விருந்துக்கு என்று போய்க்கொண்டிருந்தார். எஸ்இபி 1 என்ற எண் தாங்கிய கார் உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் துப்பாக்கியைத் தூக்குவோம். கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளை முடி தெரியும், அவ்வளவுதான். அதற்குள் கடந்துவிடும்.

அந்த ஆண்டுத் தீபாவளி நவம்பர் 7. ஆண்டில் சில பெருநாள்களில் இஸ்தானாவைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவார்கள்: சீனப் புத்தாண்டு, தொழிலாளர் தினம், நோன்புப் பெருநாள், தேசிய தினம், தீபாவளி. தீபாவளித் திறந்த இல்லத்துக்கு எனக்குக் காவல் விழுந்தது. எண்ணெய் தேய்த்துக் குளிக்காத தீபாவளி எனக்கு அதுதான் முதல். எப்படியாவது பார்த்துவிடவேண்டும் என்று பூன் லேயிலிருந்து வீட்டார் கிளம்பிவிட்டார்கள். சிட்டி ஹாலில் ரயில் மாறி, தோபி காட்டில் இறங்கி, அப்பா, அம்மா, தங்கை, கோப்பிக்கடை மாமா நால்வரும். அப்பா திருமணத்துக்குத் தைத்த சட்டையைப் போட்டிருந்தார். அம்மா கையில் எவர்சில்வர் டப்பா. உள்ளே இருப்பது முறுக்கும் அதிரசமும் என்று மூடியைத் திறக்காமலே எனக்குத் தெரியும்.

வரிசை மெல்ல நகர்ந்து என் முன்னால் வந்தபோது அம்மா நின்றுவிட்டாள். தங்கை இழுத்தும் நகரவில்லை.

"சாப்பிட்டியாப்பா?"

நான் நேரே பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரே ஆர்ச்சர்ட் ரோட்டு மரங்கள். அம்மாவின் சேலைக் கரை மட்டும் கண்ணின் ஓரத்தில் தெரிந்தது. கூட நின்ற மலாய் நண்பனின் தொண்டைமணி ஏறி இறங்கியதைப் பார்த்தேன். தமிழ் தெரியாதவனுக்கும் அந்தக் கேள்வி புரிந்துவிட்டது. அம்மா இரண்டாவது முறை கேட்கவில்லை. கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "நல்லா நிக்கிறான்" என்று அப்பாவிடம் சொன்னாள். டப்பாவைக் காவலறையில் கொடுக்க முடியுமா என்று சார்ஜண்டிடம் சைகையில் கேட்டதும், அவர் இரு கையாலும் வாங்கிக்கொண்டதும் பிறகு தங்கை சொல்லித் தெரியும். அன்றிரவு அந்த அதிரசத்தில் எனக்கு மிஞ்சியது ஒன்று.

உள்ளே புல்வெளியில் அதிபரும் துணைவியார் ஊர்மிளாவும் மக்களிடையே நடந்து வந்தார்களாம். அப்பாவுக்கும் கை கொடுத்தார். அவ்வளவுதான் நடந்தது, ஒரு நொடி. அடுத்த புக் அவுட்டில் வீட்டுக்குப் போனபோது அப்பா அந்த ஒரு நொடியை அரை மணி நேரம் சொன்னார். இருபது ஆண்டு வெல்டிங் செய்த கை அவருடையது. தீப்பொறி பட்ட வடுக்கள் புறங்கை முழுக்க. யாருக்காவது கை கொடுக்கவேண்டி வந்தால் முதலில் பேண்டில் துடைத்துக்கொள்வார், காய்ந்திருந்தாலும். அன்றும் துடைக்கப் போயிருக்கிறார். அதற்குள் அதிபரின் கை வந்துவிட்டது. "துடைக்க விடலடா" என்றார் அப்பா. ஆகஸ்டில் "போட விடலையே" என்றவர், அதே வாயால் இதைச் சிரித்துக்கொண்டு சொன்னார்.

அப்பாவுக்குக் கிடைத்த அந்த நொடிக்கு முன்னால் எத்தனை பேர், பின்னால் எத்தனை பேர் என்பதை நான் வாசலில் நின்று பார்த்தவன். மதியம் முழுக்க ஓயாத கூட்டம். ஒவ்வொருவருக்கும் அது அவரவருடைய ஒரே நொடி. கொடுப்பவர் முகத்தில் எண்ணிக்கை தெரிந்துவிட்டால் வாங்குபவருக்குக் கிடைத்தது ஒன்றுமில்லாமல் போய்விடும். சடங்கில் பொய் இருக்கிறது என்று பலர் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் எழுபத்தைந்து வயதில், வெயிலில், ஆயிரமாவது ஆளின் கையையும் முதல் ஆளின் கை போலப் பிடிக்க மனத்திலும் உடலிலும் எவ்வளவு திடம் வேண்டும் என்று, கால் மரத்து நின்ற எனக்குத் தெரியும். அதைப் பொய்யென்று சொல்ல என் நாக்கு எழாது.

மற்ற மாதங்கள் வேகமாக ஓடின. 1999 டிசம்பர் 31 இரவு கணினிகள் எல்லாம் நின்றுவிடும் என்று உலகமே பயந்துகொண்டிருந்தது. நாங்கள் காவலில் இருந்தோம், எதுவும் நிற்கவில்லை. ஜனவரி 8இல் நோன்புப் பெருநாள், பிப்ரவரியில் சீனப் புத்தாண்டு, இரண்டுக்கும் கூட்டம். மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை காவல் மாற்றும் அணிவகுப்பு நடக்கும். வாத்தியக் குழு முன்னால் வர, பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு மக்கள் நடைபாதையில் நிற்பார்கள். ஜூலை 3இல் அதிபருக்கு எழுபத்தாறு வயது நிறைந்தது. ஆகஸ்ட் 9ஆம் தேதி தேசிய தின அணிவகுப்பு பாடாங்கில். அன்று எனக்கு விடுப்பு. பூன் லே வீட்டில் தொலைக்காட்சி முன் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். பீரங்கி முழங்க, அதிபர் மரியாதை அணியை வரிசை வரிசையாகப் பார்வையிட்டு நடந்தார். நான் அவர் நடையைப் பார்க்கவில்லை. நிற்கும் பையன்களின் முழங்கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஆண்டில் அவர் தொடங்கிய ஒன்றைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும். 2000இல் 'அதிபர் சவால்' என்ற நிதித் திரட்டு ஆரம்பமானது. உடற்குறை உள்ளவர்கள், ஆதரவற்ற பிள்ளைகள், தனித்து வாழும் முதியவர்கள் ஆகியோருக்காக வேலை செய்யும் அமைப்புகளுக்கு, அதிபரின் பெயரில், நாடு முழுவதும் பணம் திரட்டுவது. அதிகாரம் குறைந்த பதவி என்கிறார்களே, அந்தப் பதவிக்கு ஒரு பெயர் இருக்கிறது; அந்தப் பெயருக்கு மதிப்பு இருக்கிறது; அதைக் கொண்டுபோய் யார் வாசலில் வைக்கலாம் என்று யோசித்திருக்கிறார். சமூக நலத் துறையில் படித்து, மருத்துவமனை நோயாளிகளின் குடும்பக் கஷ்டத்தைக் கேட்கும் வேலையில் வாழ்க்கையைத் தொடங்கியவருக்கு இது தோன்றியதில் வியப்பில்லை. அவருக்குப் பின் வந்த அதிபர்கள் எல்லாரும் அதைத் தொடர்கிறார்கள். பூன் லேயில் எங்கள் புளோக்கில் தசைச்சிதைவு நோயுள்ள பையன் ஒருவன் இருந்தான். அவனுடைய தாய்க்கு அதிபரின் அதிகாரங்கள் பற்றி ஒன்றும் தெரியாது. அந்த நிதி வாங்கிய இல்லமொன்றின் வண்டி காலையில் வந்து அவனை ஏற்றிக்கொண்டு போகும் நேரம் தெரியும்.

2001இல் எனக்கு ஓஆர்டி, தேசிய சேவை முடிந்தது. படித்து ஆசிரியரானேன். நாதன் 2005இல் இரண்டாம் முறையும் போட்டியின்றியே அதிபரானார். அப்பா அப்போதும் முணுமுணுத்தார். 2011இல் பதவி முடிந்தது. 2016 ஆகஸ்ட் 22ஆம் தேதி இரவு அவர் மறைந்தார். தொண்ணூற்றிரண்டு வயது.

25ஆம் தேதி நாடாளுமன்றக் கட்டடத்தில் உடலை வைத்திருந்தார்கள். அப்பா அப்போது நடை குறைந்து சக்கர நாற்காலிக்கு வந்திருந்தார். போயே ஆகவேண்டும் என்றார். அதே பூன் லே நிலையம், அதே சிட்டி ஹால். வரிசையில் எங்களுக்கு முன்னால் வெளிநாட்டு ஊழியர் ஒருவர். கட்டுமானத் தளத்துப் பூட்ஸைக் கழுவிவிட்டு அப்படியே வந்திருந்தார். பேச்சு கொடுத்தோம். பட்டுக்கோட்டைப் பக்கம். அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

"ஐயா, இங்க அதிபர்னா நம்ம ஊர் கவர்னர் மாதிரிங்களா?"

நான் விளக்கத் தொடங்கினேன்: கவர்னர் காலம், யாங் டி-பெர்த்துவான் நெகாரா, 1965, 1991 என்று. அப்பா என் கையைத் தட்டினார். "அதெல்லாம் அவருக்கு எதுக்குடா?" என்று சொல்லிவிட்டு அந்த இளைஞரிடம் தீபாவளிக் கதையைச் சொன்னார். சட்டை, வரிசை, டப்பா, துடைக்க விடாத கை. பதினேழு ஆண்டில் கதை கொஞ்சம் நீண்டிருந்தது. அதிபர் பிடித்திருந்த நேரமும் நீண்டிருந்தது. நான் திருத்தவில்லை. இளைஞர் தம் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார், சிமெண்டுக் காப்பு.

உள்ளே பேழையின் நான்கு மூலையிலும் சீருடைக்காரர்கள் தலை தாழ்த்தி நின்றார்கள். எங்கள் பிரிவின் பையனும் ஒருவன் இருக்கக்கூடும் என்று பார்த்தேன், தெரியவில்லை. இளைஞர் கழற்றுவதா வேண்டாமா என்று பூட்ஸைப் பார்த்துத் தயங்கினார். அங்கிருந்த அதிகாரி தலையசைத்து அப்படியே வரச் சொன்னார். அப்பா நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவேண்டும் என்றார். நானும் அந்த இளைஞரும் ஆளுக்கொரு தோளைப் பிடித்துக்கொண்டோம். எழுந்து கும்பிட்டார்.

மறுநாள் தேசியப் பல்கலைக்கழகக் கலாசார மண்டபத்தில் இறுதி நிகழ்ச்சி. அதைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். 'பொற்காலம்' படப் பாட்டு ஒன்றை அங்கே ஒலிக்கவிட்டார்கள். பல ஊர் மண்ணையும் நீரையும் சேர்த்துப் பொம்மை செய்வதைப் பாடும் பாட்டு, அவருக்குப் பிடித்ததாம். சிங்கப்பூரின் அமைச்சர்களும் வெளிநாட்டு விருந்தினர்களும் நிறைந்த மண்டபத்தில் அந்தத் தமிழ்ச் சினிமாப் பாட்டு முழுவதும் ஓடியது. அம்மா அடுப்படியிலிருந்து வந்து, கையில் கரண்டியோடு, பாட்டு முடியும்வரை நின்றே கேட்டாள். அப்பா உட்காரச் சொன்னார். "இருக்கட்டும், நிக்கிறேன்" என்றாள்.